தண்ணியாளிக்கு என்ன தீனி?

தண்ணியாளிக்கு நாலு காலா ஆறு காலா என்பதில்தான் முதல் சண்டை வந்தது. அவ்வளவு பெரிய வயிற்றை நாலு கால் தாங்காது என்பது என் தம்பியின் கட்சி. ஆறு கால் இருந்தால் அது பூச்சி, மிருகம் இல்லை என்று எதிர்வீட்டு அக்கா பள்ளிப் பாடத்தைக் காட்டி மறுத்தாள். நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைவதும் அழிப்பதுமாக இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா பீடியை அணைத்துவிட்டு, "எண்ணிக்கையில கூட்டாதீங்க கண்ணு, பருமன்ல கூட்டுங்க. கனம் தாங்கறது அதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆக, நாலு கால். ஒவ்வொன்றும் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தூண் பருமன்.

நாங்கள் இருந்தது அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வட்டாரத்தில். நடுவில் முற்றம், சுற்றிலும் ஓரறை, ஈரறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். பெங்களூரில் அதற்குத்தான் வட்டாரம் என்று பெயர். குழாயில் தண்ணீர் வருவது நடுராத்திரிக்கு மேல். சாயங்காலமே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். பித்தளைக் குடம், தகர வாளி, அப்போதுதான் தலைகாட்டியிருந்த பிளாஸ்டிக் குடம். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் நீளமாக ஒரு காற்று விடும். அந்தச் சத்தத்துக்கு அம்மா தூக்கத்திலிருந்தே எழுந்து நிற்பாள். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கணி உருது எல்லாமே எங்களுக்கு அந்தக் குழாயடியில் படிந்தவைதான். எந்த மொழியில் திட்டினால் யாருக்கு உறைக்கும் என்பது வரை தெரிந்து வைத்திருந்தோம்.

பெங்களூருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், ஏரிகளை நம்பி வளர்ந்த ஊர். அந்த ஏரிகளையும் ஒவ்வொன்றாகத் தூர்த்துவிட்டோம். தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் விளையாட்டரங்கம் வந்தது. 1896-ல் ஹெசரகட்டாவிலிருந்தும் 1933-ல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதியின் நீரைத் தேக்கிக் கொண்டுவந்தார்கள். ஊர் பெருத்த வேகத்துக்கு அதுவும் போதவில்லை. அதனால் நான் நினைவு தெரிந்து கேட்ட முதல் பெரிய சேதி, 'காவேரி வரப்போகுது' என்பதுதான். 1974-ல் காவேரித் திட்டத்தின் முதல் கட்டம் நிறைவேறியது. மளவள்ளிப் பக்கம் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், வழியில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஆற்றைத் தூக்கி ஏற்ற வேண்டும். அப்பா பம்பு, மோட்டார் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓர் ஆறே ஏறி வர வேண்டுமானால் யாராவது சுமந்துதான் வரவேண்டும். சுமக்கிறவர் பெரியவராக இருக்க வேண்டும். இப்படித்தான் தண்ணியாளி பிறந்தது.

உடம்பு சிங்கம், தும்பிக்கை யானை, வயிறு அல்சூர் ஏரி கொள்ளும் அளவு. பொழுது சாயக் காவேரியில் இறங்கிக் குடித்து, கனகபுரா ரோடு வழியாக ராத்திரியெல்லாம் நடந்து, கோழி கூவும் முன்னால் எங்கள் முற்றத்தில் வந்து நிற்கும். தும்பிக்கை ஜன்னல் ஜன்னலாக நுழைந்து குடங்களை நிரப்பும், அம்மா எழுந்திருக்கவே வேண்டாம். அதோடு விடவில்லை நாங்கள். உதிர்ந்த மயிரைத் திரித்தால் கிணற்றுக் கயிறு. மத்தியானத்தில் அது நிற்கிற நிழலில் பூக்காரர்கள் எல்லாரும் கடை போடலாம். மழை கொட்டித் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நின்றால் அங்கே போய்ப் படுத்து உறிஞ்சிக்கொள்ளும். வேர்த்தால் அந்த வேர்வையில் துணி துவைக்கலாம், ஆனால் குடிக்கக் கூடாது, உப்புக் கரிக்கும். இது அக்கா சேர்த்தது. மூன்றாவது வீட்டுக் கன்னட அஜ்ஜியும் ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டார். அது போடுகிற சாணியில் ஒரு வரட்டி தட்டினால் வட்டாரம் முழுக்க ஒரு மாதத்துக்கு வெந்நீர் காயும், சாம்பலை எல்லாரும் பாத்திரம் தேய்க்கப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். வெந்நீர் அடுப்பில் புகையோடு மல்லுக்கட்டுகிற ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

யாரும் அதைத் தடியால் அடிக்கக் கூடாது என்றொரு சட்டமும் அக்கா போட்டாள். அது ஏன் முதலிலேயே தோன்றியது என்று தெரியவில்லை. வண்டிமாடுகள் தினமும் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

உருவத்துக்கு மூலம் சோமேஸ்வரர் கோயில் மண்டபத்து யாளிதான். அதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் தாத்தா. அவர் கல் கொத்துகிறவர். விதான சௌதா கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து உளிப்பையோடு வந்தார். 1951 ஜூலை 13-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1956-ல் கட்டிடம் முடிந்தது. கெங்கல் ஹனுமந்தையா முதலமைச்சராக இருந்து பார்த்துப் பார்த்துக் கட்டிய மாளிகை. அந்த வேலையில் ஆயிரக்கணக்கான கூலியாட்களோடு சிறைக் கைதிகளும் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைதிக்கு உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்ததைத் தாத்தா வாழ்நாள் பெருமையாகச் சொல்வார். கட்டிடம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பவில்லை. அம்மிக்கல், ஆட்டுக்கல் கொத்திக் கொடுத்துக்கொண்டு அல்சூரிலேயே தங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போவார். சாமியை ஒரு நிமிஷம் பார்ப்பார், தூண்களை ஒரு மணி நேரம் பார்ப்பார். அந்தக் கோயில் பெங்களூரின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. சோழர் காலத்தில் தோன்றியது என்பார்கள், இப்போது கண்ணில் படுவதில் பெரும்பகுதி விஜயநகரக் காலத்துப் பாணி. இராவணன் கயிலாயத்தைத் தூக்குகிற சிற்பம், கிரிஜா கல்யாணம் எல்லாம் உண்டு. தாத்தா நேரே யாளிக்குத்தான் போவார். கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாகப் பின்னங்காலில் எழும்பி நிற்கும் அதன் மார்பில் உள்ளங்கையை வைத்து எங்கள் கையையும் வைக்கச் சொல்வார்.

"இது அழகுக்கு வெச்சது மட்டும் இல்ல கண்ணு. மேல பாரு, கொடுங்கை எவ்ளோ தூரம் வெளிய நீட்டியிருக்குது. அதும் கனம் முன்னால இழுக்கும். தூணுக்கு முன்னால ஒருத்தன் நின்னு தாங்கினா நல்லது. மனுஷனை நிறுத்தினா பாவம். யானையை நிறுத்தினா பசிச்சா போயிடும். அதான் யாளியை உண்டாக்கிக்கினாங்க."

தூணும் யாளியும் ஒரே கல். தனியாகச் செய்து ஒட்டியதல்ல. யாளியின் முதுகு தூணிலிருந்து முழுசாக விடுபடாமல், தலைக்கு மேலே போதிகை, அதன் மேல் உத்திரம், அதற்கும் மேல் கொடுங்கை என்று கனம் படிப்படியாக இறங்கி வருவதைத் தாத்தா விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை உண்டு. விரலை விட்டுச் சுழற்றலாம், வெளியே எடுக்க முடியாது. பல்லுக்கு நடுவே உளியை விட்டு, பல் உடையாமல் அந்த உருண்டையைப் பிரித்தெடுக்க எத்தனை நாள் மூச்சைப் பிடித்திருப்பான் என்று சொல்லும்போது தாத்தாவின் குரல் தழையும். அவர் கையால் யாளி செய்ய வாய்க்கவே இல்லை. அம்மிக்கல்தான்.

இன்னொரு பெரிய பிராணியும் எங்களுக்குத் தெரியும். அப்பா கொண்டுவரும் அரசாங்கக் காகிதங்களின் நெற்றியில் அச்சடித்திருக்கும் இரட்டைத்தலைப் பறவை, கண்டபேருண்டம். ஒவ்வோர் அலகிலும் ஒரு யானையைக் கவ்விப் பறக்கும் என்று அஜ்ஜி சொன்னார். பின்னாளில் தேடிப் படித்தேன். ஷிமொகா மாவட்டத்துப் பள்ளிகாவியில் 1047-ல் நட்ட உயரமான கல்தூணின் உச்சியில் மனித உடம்போடு நிற்கிறது. விஜயநகர அச்சுதராயரின் நாணயத்தில் யானைகளைத் தூக்கிப் பறக்கிறது. கெளதி ராமேஸ்வரர் கோயில் விதானத்தில் இருக்கிறது. மைசூர் உடையார்களின் சின்னமாகி, 1973 நவம்பர் 1-ல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆன பிறகும் முத்திரையில் நிலைத்தது. அதன் இருபுறமும் யானைத்தலைச் சிங்கங்கள் காவல் நிற்கின்றன, நம் யாளியின் சொந்தக்காரர்கள். யானைப்படைதான் பலம் என்றிருந்த காலத்தில் யானையையே இரையாகத் தூக்கும் பறவை அரசனுக்குத் தேவைப்பட்டிருக்கும். எதிரியை அச்சுறுத்துவது தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அப்போதே என் மனசு அதனிடம் ஒட்டவில்லை, இப்போதும் ஒட்டவில்லை. பாரம் சுமக்கிற மிருகத்துக்குத்தான் என் ஓட்டு.

கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலேகாய் பரிஷெ, அதாவது கடலைத் திருவிழா. அஜ்ஜி எங்களை அழைத்துப் போனார், தாத்தாவும் வந்தார். புல் டெம்பிள் ரோடு முழுக்க நிலக்கடலை. பச்சைக் கடலை, வறுத்த கடலை, அவித்த கடலை, ஒற்றைப் பருப்பு, மூன்று பருப்பு. கோலார், சிந்தாமணி, மாகடி, நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று திசைக்கொரு ஊரிலிருந்து மூட்டை வந்து இறங்கியிருக்கும். சாக்கை விரித்துக் குவித்து வைத்து சேரால் அளந்து போடுவார்கள். அளந்ததற்கு மேல் ஒரு கைப்பிடி கொசுறு போடாத வியாபாரியை அஜ்ஜி அங்கிருந்து நகரவிடமாட்டார். தோல் நொறுங்கும் சத்தம் காலடியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். நடக்கும் வழியில், கூட்ட நெரிசலுக்கு நடுவே, அஜ்ஜி எருதின் கதையைச் சொன்னார்.

சுங்கேனஹள்ளி, கவிபுரம், மாவள்ளி, தாசரஹள்ளி, இந்த ஊர்க்காரர்களெல்லாம் கடலை விதைத்திருந்தார்கள். பௌர்ணமி ராத்திரியில் யாரோ வந்து கொல்லையை மேய்ந்துவிட்டுப் போனார்கள். காவல் இருந்து பார்த்தால் ஓர் எருது. கோபத்தில் தடியால் அடித்தார்கள். அடிபட்ட எருது அங்கேயே உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்தபடி கல்லானது. ஐயோ, சிவனுடைய வாகனத்தையே அடித்துவிட்டோமே என்று ஊரே அழுதது. இனி ஒவ்வொரு வருஷமும் முதல் விளைச்சல் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். கல் எருது வளர ஆரம்பித்தது. வளர்ந்து வளர்ந்து ஊரைவிடப் பெரிசாகப் போகிறது என்று பயந்து சிவனைக் கேட்டார்கள். தலையில் ஒரு திரிசூலத்தை வைத்தார்கள். அதோடு நின்றது.

"ஆமேலே பார் புட்டா, அதும் காலடியிலதான் விருஷபாவதி ஆறு பிறக்குது" என்று முடித்தார்.

கெம்பேகௌடர் கட்டிய கோயில் என்று சொல்வார்கள். உள்ளே போனால் கோயில் முழுக்க எருதுதான் இருக்கிறது, மற்றது எதற்கும் இடமில்லை. ஏறக்குறைய 15 அடி உயரம், 20 அடி நீளம், ஒரே கல். தம்பி திரிசூலத்தைத் தேடிக் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான். அன்றைக்கு எருதின் மேலே கடலை குவிந்திருந்தது. தாத்தா பின்பக்கமாகப் போய் யாரும் பார்க்காதபோது நகத்தால் கல்லைத் தட்டினார். "கருப்புக் கல்லு இல்ல இது. கரியும் எண்ணெயும் பூசிப் பூசி ஆனது. உள்ள சாம்பல் நிறந்தான். எங்கிருந்தும் தூக்கிக்கினு வந்திருக்க மாட்டான், இருந்த பாறையையே வெட்டி எருதை வெளிய எடுத்திருப்பான்" என்றார்.

"கல்லு வளருமா தாத்தா?"

"கல்லு வளராது கண்ணு. மண்ணு எறங்கும்."

அப்போது புரியவில்லை. பக்கத்தில் பியூகிள் ராக் என்று ஒரு மொட்டைப் பாறை, கொஞ்ச தூரத்தில் லால்பாகில் இன்னொன்று. லால்பாக் பாறைக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்ற தகுதி கொடுத்திருக்கிறது. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இப்படிப்பட்ட பாறைகளைச் சுற்றியுள்ள பகுதி காலப்போக்கில் மக்கி, மண்ணாகி, மழையில் அடித்துப்போகும். இறுகிய நடுப்பாகம் மட்டும் நிற்கும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழுகிறவன் கண்ணுக்குப் பாறை மேலேறி வருவதாகத்தான் படும். எருது வளர்ந்தது என்று சொன்ன உழவர்கள் தங்கள் நிலத்தைக் கவனித்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

கடலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலக்கடலை தென்னமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்திருக்க முடியும். ஆகவே எருது கடலை தின்ற கதை ஆதிகாலத்துக் கதை அல்ல. மண்ணுக்குப் புதுசாக ஒரு பயிர் வந்திருக்கிறது. அது நன்றாக விளைய வேண்டும், விளைந்தது பறிபோகாமல் இருக்க வேண்டும் என்ற கவலையும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கவலைக்காக ஒரு பெரிய எருதை உழவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். குழாய்த் தண்ணீருக்காக நாங்கள் ஒன்றை ஆக்கியதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. ஒரு வித்தியாசம் இருந்தது, அதைத் தாத்தா பிடித்துவிட்டார்.

பரிஷெயிலிருந்து திரும்பிய ராத்திரி, கடலையை முற்றத்தில் கொட்டி எல்லா வீட்டுக்காரர்களும் சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். தண்ணியாளி செய்யப்போகும் வேலைகளைத் தம்பி வரிசையாக ஒப்பித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாத்தா, "எல்லாம் சரி, அதுக்குத் தீனி?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. மயிரிலிருந்து சாணி வரைக்கும் எதை எடுப்பது என்று யோசித்து வைத்திருந்தோம். அது எதைத் தின்னும் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை. "அந்த எருதை அடிச்சவனுங்களே வருஷா வருஷம் மூட்டை மூட்டையா கொட்டறான். நீங்க இத்தினி வேலை வாங்கறீங்க, ஒரு வாய் வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர்பாட்டுக்குக் கடலை உரித்தார். அக்கா அழுதேவிட்டாள்.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. வைக்கோல் என்றால் மாநிலத்து வைக்கோல் முழுக்க வேண்டும். கடலை என்றால் பரிஷெயே ஒரு வேளைக்குக் காணாது. கடைசியில் அஜ்ஜி வழி சொன்னார். தண்ணீர் வந்ததும் முதல் குடம் அதற்கு. பெரியவர்கள் பாய்ந்தார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்கே இல்லாதபோது முதல் குடமா? குடம் கூடாது, சொம்பு என்று பேரம் படிந்தது. அதன் பிறகு ராத்திரியில் யார் குழாயைத் திறந்தாலும் முதல் சொம்பு முற்றத்து மூலையிலிருந்த கருவேப்பிலைச் செடிக்குப் போனது. குழாயடியில் தினமும் சண்டை போடுகிற பெண்கள், அந்த ஒரு சொம்பு விஷயத்தில் மட்டும் கடைசிவரை சண்டை போடவில்லை.

இதை எழுதும்போது விருஷபாவதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எருதின் காலடியில் பிறந்த அந்த ஆற்றில் இன்று ஓடுவது சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும். கெங்கேரியைத் தாண்டி நுரைத்துக்கொண்டு போய், பைரமங்கல ஏரிக்குள் விழுந்து, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவேரியோடு சேர்கிறது. நல்ல நீரை மேலே எடுத்துக்கொண்டு கெட்ட நீரைக் கீழே விடுகிறோம். அது ஒகேனக்கல்லையும் மேட்டூரையும் நோக்கி நகர்கிறது. பரிஷெ மட்டும் வருஷம் தவறாமல் நடக்கிறது, கூட்டமும் கூடிக்கொண்டே போகிறது. எருதுக்குக் கடலையைக் கொட்டிவிட்டு அது தந்த ஆற்றில் கழிவைக் கொட்டுகிற ஊரில் வளர்ந்தவன் நான். எனக்கு அது வலிக்கிறது. அந்த ஆற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் எருதுக்குப் போட வேண்டிய தீனி என்று யாரிடமும் சொல்வேன்.

எங்கள் வட்டாரத்துக்குக் காவேரி ஒருவழியாக வந்தது. குழாய் பகலிலும் ஓடியது. அம்மா இரவில் தூங்கினாள். தம்பிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. தண்ணியாளிக்கு வேலை போய்விட்டதே, இனி அதை என்ன செய்வது? யோசித்து யோசித்து அவனே ஒரு முடிவுக்கு வந்தான். கோலார் தங்கவயலில் எங்கள் சித்தி இருந்தாள். சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. கோடையில் தண்ணீர்ப் பாடு எங்களைவிட மோசம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள். அங்கே அனுப்பிவிடலாம். அல்சூரை ஒட்டித்தான் பழைய மெட்ராஸ் ரோடு போகிறது, ஹொசகோட்டை வழியாக நேராக நடந்தால் கோலார் வந்துவிடும். ரயில் பாதையை ஒட்டி பங்காரப்பேட்டை வழியாகப் போனால் கூட்டத்துக்கு இடைஞ்சல் இருக்காது என்பது அக்காவின் கட்சி.

2018-லிருந்து பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீரின் தரம் பற்றி வாதங்கள் உண்டு. ஏரிகளில் நீர் நிற்பதும் உண்மை. செய்தியைப் படித்த அன்று தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கு வழிச்சண்டை முழுக்க நினைவிருந்தது.

அந்தச் சின்ன வயதில், வழிச்சண்டைக்குப் பிறகு தம்பி தன் கையாலேயே சித்திக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினான். தண்ணியாளியை அனுப்புகிறோம், நாலு கால், சாது, அடிக்கக் கூடாது, தீனி நீங்கள்தான் போட வேண்டும். சித்தியிடமிருந்து பதில் வந்தது. மாடு விற்றபின் தொழுவம் காலியாகத்தான் கிடக்கிறது, கூரையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் மானாவாரிக் கடலை பரவாயில்லை. பக்கத்து ஊர்களில் சொல்லி வைத்து கடலைக்கொடியாக வாங்கிப் போர் போட்டுவிடுகிறோம். எந்தக் கிழமை கிளம்புகிறது என்று மட்டும் முன்னாலேயே எழுதுங்கள்.